கண் சிவந்திருந்தால் விட்டுவிடு

சாயல்குடி மருந்தகத்தில் என் வேலை
புழுக்கை எடுப்பது.
தரையில் கிடப்பது ஆகாது,
எந்த ஆட்டுடையது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.
வாலைத் தூக்கி, கையுறை விரலால் எடுத்து
டப்பாவில் எழுத வேண்டும்:
சாத்தையா, மாரியூர், காது கிழிந்த கிடா.

உப்புக் கரைசலில் கலக்கினால்
முட்டைகள் மேலே மிதந்து வரும்.
கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாதவளுக்கு
அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமை.

மரபணுவைப் படித்து
நகரத்திலிருந்து தாள் அனுப்பியிருந்தார்கள்.
ஆடு சினைப்பட்ட நாளை எழுதி வைக்கிறோம்,
கிடா மாற்றியதை எழுதி வைக்கிறோம்.
புழு யாரோடு கூடியதென்று
எவரும் எழுதி வைத்ததில்லை.
அதுவே எழுதி வைத்திருக்கிறது.

மாரியூர்ப் புழுவுக்கு
முதுகுளத்தூரில் மாமன் மச்சான்.
அறுப்பு முடிந்த தாளடியில்
ஏழு ஊர் ஆடுகள் ஒரே கிடையாய்ப் படுத்த இரவுகள்
அந்தத் தாளில் இருந்தன.
ஆட்டுக்குக் காதில் வெட்டு, முதுகில் சாயம்,
விடிந்ததும் பிரித்துவிடலாம்.
புல்நுனிப் பனியில் ஏறி நிற்பதற்கு
அடையாளமும் இல்லை, உடையவனும் இல்லை.

ஏர்வாடிக்கு நேர்ந்துவிட்ட கிடாக்கள்
எந்தெந்தச் சந்தையிலோ லாரி ஏறியவை.
ஒவ்வொன்றும் குடலுக்குள் ஓர் ஊரைக் கொண்டுவந்திருந்தது.

கீழக்கரைக்கு வெளியே பக்கீர் நைனாவின் பண்ணை வேறு மாதிரி.
பலகைத் தரை, கட்டித் தீவனம்,
மாதம் பிறந்தால் எல்லா வாய்க்கும் மருந்து.
புழு கொஞ்சம்தான்.
அந்தக் கொஞ்சமும் ஒரே அச்சில் அடித்த காசு.
"அப்ப சுத்தம்தானே?" என்றார்.
மருந்து ஊற்றிய பத்தாம் நாள் எண்ணினேன்.
ஊற்றும் முன்பு இருந்த அத்தனையும் இருந்தன.

சித்திரை விஷயத்துக்கு வருகிறேன்.
நாங்கள்தான் சொன்னோம், முகாம் போட்டு, மைக் கட்டி:
கோடையில் கொடுங்கள், ஒன்று விடாமல் கொடுங்கள்.
அப்போது தரவையில் ஈரம் கிடையாது.
விழுந்த முட்டையெல்லாம் வெந்துபோயிருக்கும்.
புழுக்குலம் முழுக்க ஆட்டுக்குள்ளேதான் ஒதுங்கியிருக்கும்.
அந்த நேரம் பார்த்து ஊற்றினால் மிஞ்சுவது
மருந்தைக் குடித்தும் சாகாத நாலே நாலு.
ஐப்பசி மழைக்குப் புல்லில் ஏறியதெல்லாம்
அந்த நாலின் பிள்ளைகள்.

மாற்றிச் சொல்ல சாத்தையாவிடம் போனேன்.
கீழிமையை இழுத்துப் பாருங்கள்.
வெளுத்திருந்தால் ஊற்றுங்கள்,
கண் சிவந்திருந்தால் விட்டுவிடுங்கள்.
"விட்டா?"
மருந்தறியாத புழு கொஞ்சம் மிஞ்சும்.
அஞ்சாத புழுவோடு கூடி
அதன் திமிரைக் கொஞ்சம் கரைக்கும்.

சீமைக்கருவேலங்காயை உலுக்கிக்கொண்டே சொன்னார்:
"போன வருசம் திருடனைக் கொல்லச் சொன்னீக.
இந்த வருசம் அவனுக்குப் பொண்ணு பாக்கச் சொல்றீக."

ஆமாம் என்றேன்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

நாற்பத்தி மூன்றில் எட்டுக்கு மட்டும் ஊற்றினார்.
கார்த்திகையில் தாடை வீங்கிச் செத்தது
ஊற்றாமல் விட்ட ஒன்று.
சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார்.
நாலாம் இரைப்பையைத் திறந்தேன்:
குடித்த ரத்தமும் சுமந்த முட்டையுமாக
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்கள்,
இன்னும் அசைந்துகொண்டு.
பொறுக்கி அனுப்பினேன்.
பெரும்பாலும் மருந்தறியாதவை என்று பதில் வந்தது.
ஊற்றியிருந்தால் செத்திருக்கும்.
கிடா இருந்திருக்கும்.

அதை அவரிடம் சொன்னேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தார்.
பிறகு பட்டிக்குள் குனிந்து நுழைந்து
ஒவ்வொரு தலையாய்ப் பிடித்து
இமையை இழுத்துக்கொண்டே போனார்.
இருபத்தி மூன்றாவதில் நின்று கூப்பிட்டார்:
"இது செவப்பா, வெளுப்பா?
நீங்களே சொல்லுங்க."

உப்பளத்து வெளிச்சம் நேராக அந்தக் கண்ணில் விழுந்தது.
எனக்கும் தெரியவில்லை.